கேப்டனின் வலது கால்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில், பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நடுநாயகமாக உட்கார்ந்திருப்பவர் என் அப்பா. மில் கால்பந்து அணிக்கு ஒன்பது வருடம் கேப்டனாக இருந்தவர். வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் அவர் எத்தனை கோல் போட்டார் என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. அவர் போடாமல் விட்ட ஒரு கோலைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். அதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிடும்.

அப்போது கோயமுத்தூர் மில்களில் பந்து நன்றாக உதைத்தால் வேலை கிடைக்கும். ஆனால் முதலில் பதிலி வேலைதான். யாராவது லீவு போட்டால் உள்ளே கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் கேட்டிலிருந்தே வீடு திரும்ப வேண்டியதுதான். அப்பா நிரந்தரத் தொழிலாளி. அவருடைய அணியில் இடது ஓரம் ஆடிய கிணத்துக்கடவுக்காரரோ நாலு வருடமாகப் பதிலி. கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவர் மாதிரி ஓடுவார். அவருடைய மனைவி அப்போது முழுகாமல் இருந்தார்.

அந்த வருடம் பைனலுக்கு முன்னால் மேனேஜர் ஒரு வாக்குக் கொடுத்தார். பைனலில் எந்தப் பதிலி கோல் போட்டாலும் மறுநாளே நிரந்தரம்.

ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. பெனால்டி என்றால் அப்பாதான் அடிப்பார், அடித்தால் தப்பாது. பைனலில் எங்கப்பாதான் கோல் போடப்போகிறார் என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தேன்.

போத்தனூரில் ஆட்டம். முதல் ஷிப்ட் முடிந்தவர்கள் தலையில் பஞ்சுத் தூசியைக்கூடத் தட்டாமல் வந்திருந்தார்கள். நானும் அம்மாவும் கோல் கம்பத்துக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து உட்கார்ந்தோம். இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் பக்கத்துக்குப் பெனால்டி கிடைத்தது.

அப்பா பந்தை வைத்தார். நாலு அடி பின்னால் போனார். அப்புறம் வலது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கிணத்துக்கடவுக்காரர் பதறிப்போய் ஓடி வந்தார்.

"காலு புடிச்சுக்கிச்சு. நீ அடி கண்ணு."

"வேண்டாங்ணா. தப்பிப்போச்சுன்னா கப்பு போயிருமுங்க."

"போனாப் போவுது. அடி."

அவர் அடித்த பந்து கம்பத்தில் பட்டு, உள்ளே போவதா வேண்டாமா என்று யோசித்து, ஒருவழியாக உள்ளே போனது. கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது. எங்கப்பா நொண்டிக்கொண்டே போய்க் கோப்பையை வாங்கினார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். வகுப்பில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நுழைவது?

மேனேஜர் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிணத்துக்கடவுக்காரர் ஒரு குலை இளநீரோடும் மனைவியோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவரை வாசலில் சாதாரணமாக நடந்துகொண்டிருந்த அப்பா, அவர்களைப் பார்த்ததும் நொண்ட ஆரம்பித்தார்.

"ஏனுங்ணா, காலு இப்பத் தேவலைங்களா?"

"பரவால்ல. நடந்தாத்தான் வலிக்குது" என்று அப்பா கெண்டைக்காலை நீவிவிட்டுக்கொண்டார்.

அவர் நீவியது இடது காலை. எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, அந்தக் காலு இல்லீங்க. வலது காலுங்க" என்றேன்.

அப்பா இளநீர்க் குலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிணத்துக்கடவுக்காரர் அப்பாவின் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். என்ன ஏது என்று தெரியாமல் அவர் மனைவியும் அழுதார்.

"நீ உள்ள போயி மோரு கொண்டா கண்ணு" என்றார் அம்மா.

மோரை ஊற்றும்போது யோசித்துப் பார்த்தேன். பெரியவர்கள் இப்படி அழுகிறார்கள் என்றால் நிலைமை மோசமாகத்தான் இருக்க வேண்டும். மறுநாள் வகுப்பில், கேலி செய்தவர்களைப் பார்த்துத் தலை நிமிர்ந்து சொன்னேன்: எங்கப்பாவுக்கு ஒரு காலில் மட்டும் இல்லை, இரண்டு காலிலும் அடி. அதனால்தான் அந்தப் பந்தை அவரால் அடிக்க முடியவில்லை.