நாலு இல்லாத வரிசை

நான் புதிதாகக் குடிவந்திருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் லிஃப்டில் நாலாம் எண் கிடையாது. மூன்றுக்கு அடுத்து ஐந்துதான். சீனர் பேச்சில் நாலும் சாவும் ஒரே மாதிரி ஒலிக்குமாம். நேற்று உள்ளே மல்லிகை வாசம் வேறு. பழைய கடை ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் நானும் குணாவும் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடை, ஒரு பூக்கடையின் மாடியில் இருந்தது. முதலாளி ஆ லியோங் தங்கமான மனிதர். நாலு என்றால் மட்டும் முகம் கறுத்துவிடும். ஹார்ட் டிஸ்க்கை ஐந்து பாகமாகப் பிரித்து விற்பார். பெட்டியில் ஒட்டும் சீட்டில் 1, 2, 3, 5, 6 என்றுதான் இருக்கும். நாலாவது பிள்ளைக்கு மட்டும் சொத்தில் பங்கில்லை என்று நாங்கள் சிரிப்போம்.

யோகம் ஆன்டி வந்த நாளோடு அந்தச் சிரிப்பு நின்றது. யாழ்ப்பாணத்துக்காரர். ஒரே மகன் விபத்தில் இறந்திருந்தான். எங்களிடம் வாங்கிய கம்ப்யூட்டரில், மைக் வைத்துத் தன் குரலைப் பதிந்திருந்தான். இப்போது அதில் வைரஸ்.

“என்ர பிள்ளையின்ர குரல் இதுக்குள்ளதான் இருக்கு தம்பி. பத்திரமா எடுத்துத் தாங்கோ.”

சீட்டின்படி விளையாட்டுகள் ஐந்தில், குரல் ஆறில். வைரஸ் ஐந்தில். குணாவிடம் ஒரு ஃபைல் சிஸ்டம் லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, இருந்தது. புரோகிராமிலிருந்து எண்ணைச் சொன்னால், டிஸ்க்கின் அந்தப் பாகத்தைத் திறந்துவிடும்; அழிக்கவும் செய்யும்.

“முதல்ல ஆறைக் காப்பி பண்ணிடலாமே?” என்றேன். ஏனோ எனக்குப் பயமாக இருந்தது.

“ஃப்ளாப்பியில கொள்ளாது லா. அஞ்சைத்தானே அழிக்கிறோம்,” என்றான் குணா.

டிஸ்க் கரகரவென்று வெகுநேரம் ஓடியது. ஆன்டி கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். அழித்து முடித்ததும் குணா ஆறைத் திறக்கச் சொன்னான். அப்படி ஒரு பாகமே இல்லை என்றது திரை.

குணா சீட்டின் மேல் விரல் வைத்து எண்ணினான். “ஒண்ணு, ரெண்டு, மூணு...” 5 என்ற எண்ணில் விரல் நின்றது. “நாலு,” என்றான். அந்தக் கடையில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. லைப்ரரிக்குச் சாவு பயம் ஏது? அது வரிசையாக எண்ணியிருந்தது. அதற்கு ஐந்தாவது, எங்கள் சீட்டில் ஆறு; அழிந்தது அதுதான்.

எங்கள் முகம் பார்க்காமலே ஆன்டி கேட்டார்: “என்ன தம்பி, கதைக்கிறானோ?”

இன்று அந்த மாடி இல்லை, ஆ லியோங் இல்லை, ஆன்டியும் இல்லை. அந்தப் பையனின் குரலை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அது எப்படி இருந்தது என்று சொல்ல இனி ஆளும் இல்லை.