பாலவாக்கத்தில் பிலோ அக்காவுக்கு ஓர் அலை

அலைச்சறுக்குக்குப் போகத் திட்டமிட்டு, 'இந்த வாரம் கடல் எப்படி இருக்கும்?' என்று தேடி இங்கே வந்து விழுந்திருக்கும் அருமை மருமக்களே! சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். வங்காள விரிகுடாவின் அலைகளையும் அதன்மேல் வீசும் காற்றையும் முன்கூட்டியே கணித்துச் சொல்லும் மாபெரும் பதவி இரண்டு வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை எனக்குக் கிடைத்தது. கொடுத்தவர் என் அக்கா பிலோமினா. பதவி நீடித்தது ஒன்றரை நாள். அதற்குள் நான் குழம்பிய குழப்பத்தை அடையாற்றில் கொட்டியிருந்தால் வேளச்சேரி வரை தண்ணீர் ஏறியிருக்கும்.

முதலில் இந்தப் பயணம் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பிலோ அக்காவுக்கு வயது அறுபத்திரண்டு. சாந்தோம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் விளையாட்டு டீச்சராக இருந்தவர். ஓய்வு பெற்றாலும் கழுத்தில் தொங்கும் விசில் இன்னும் ஓய்வு பெறவில்லை. இந்த வருடம் மே மாத வெயிலில், வீட்டில் சும்மா உட்கார முடியாமல், பாலவாக்கத்தில் ஓர் அலைச்சறுக்கு வகுப்பில் சேர்ந்தார். பலகைமேல் எழுந்து நிற்கவும் பழகிவிட்டார். ஆனால் நின்றதெல்லாம் உடைந்து நுரையாகி உருண்டு வரும் அலையில். உடையாமல் முழுசாக எழும்பி வருகிற அலையைப் பிடித்து, அதன் சரிவில் இறங்க வேண்டும். அதற்குப் பெயர் கிரீன் வேவ். அது ஒன்றுகூட அக்காவுக்கு அமையவில்லை.

இதற்கு நடுவில் கண்புரை ஆபரேஷனுக்கு வியாழக்கிழமை என்று நாள் குறித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் கண்ணில் தண்ணீரே படக்கூடாது. அந்த மாதம் முடிந்து நிமிர்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்து கடல் கொந்தளிக்கும், வகுப்பை மூடிவிடுவார்கள். ஜனவரியில் திறந்தால் அடுத்த கண்ணுக்கு ஆபரேஷன். ஆக, மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"டேய் சேவி, நீ எப்ப பாத்தாலும் போனை நோண்டிக்கிட்டே இருக்கியே, காலைல போலாமா சாயங்காலம் போலாமா, அத மட்டும் பாத்துச் சொல்லு. ஒரே ஒரு அலைடா எனக்கு" என்றார் அக்கா. அடியேன் தி. நகர் மாளிகையில் (மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது) வேலையைத் தொடங்கினேன்.

முதல் செயலி, அலை ஒன்றே கால் மீட்டர் என்றது. இரண்டாவது, அரை மீட்டர் என்றது. மூன்றாவது உயரமே சொல்லாமல் ஓட்டலுக்குப் போடுவது மாதிரி மூன்று நட்சத்திரம் போட்டது. எதற்கு மூன்று? சாம்பாருக்கா? டிவியைப் போட்டால், 'ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை.' அந்த ஓரிரு இடங்கள் எங்கே இருக்கின்றன என்று இந்நாள்வரை கண்டுபிடித்தவர் யாரும் இல்லை. அலையின் திசை தென்கிழக்கு என்று ஓர் அம்புக்குறி வேறு. தென்கிழக்கிலிருந்து வருகிறதா, தென்கிழக்கே போகிறதா? அம்பைப் பார்த்துப் பார்த்து என் கழுத்துதான் தென்கிழக்கே திரும்பிக்கொண்டது.

சரி, கடலிலேயே கிடப்பவர்களைக் கேட்டுவிடுவோம் என்று சனிக்கிழமை மாலை ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குப் போனேன். தேசப்பன் என்பவரும் அவருடைய மச்சான் மூர்த்தியும் படகோரம் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு அலை இருக்குமாங்க?"

"கச்சான் அடிக்கிது சார், கரையில இருந்து போற காத்து. நாளைக்கு கடலு பாய் விரிச்ச மாரி படுத்துக்கும்" என்றார் தேசப்பன்.

"இன்னாய்யா பேசற நீ?" என்று மூர்த்தி பாய்ந்தார். "காலைல உன் போட்டு தூக்கிக்கினு பல்டி அடிக்கப் பாத்துச்சே, அது இன்னா, பாயா? சார், அலை கீது. நான் சொல்றேன்."

"அது அலை இல்ல. நீ எஞ்சினை லேட்டா தூக்கின."

"நான் லேட்டா தூக்கினேனா! உங்கக்காவ கூப்ட்டு கேக்கட்டுமா?"

அதன்பின் என்னை இருவரும் மறந்தே போனார்கள். நடுவில் ஒருமுறை தேசப்பன் மட்டும் திரும்பி, "ஆமா, ஊர்ல எல்லாரும் அலை வேணாம்னு வேண்டிக்குவாங்க. நீ இன்னாத்துக்கு வேணும்னு கேக்கற?" என்றார். முந்நூறு ரூபாய்க்கு சங்கரா மீன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று இரவு நான்காவதாக ஒரு இணையதளம் கிடைத்தது. கட்டம் கட்டமாக, மணி வாரியாக, காற்றின் வேகத்தை வண்ணம் பூசிக் காட்டியது. ஆகா! காலை ஆறு மணிக்கு காற்று ஏறுகிறது, ஒன்பதுக்கு ருத்ர தாண்டவம், மாலை ஆறு மணிக்கு அடங்கிவிடுகிறது. அலைச்சறுக்குக்குக் காற்று அடங்கியிருக்க வேண்டும் என்பது எனக்குக்கூடத் தெரியும். உடனே வகுப்புக்குப் போன் போட்டு மாலை நேரத்துக்குப் பதிவு செய்தேன். "காலை பேட்ச்தான் சார் நல்லா இருக்கும்" என்றது எதிர்முனைப் பெண் குரல். "அம்மா, நான் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன்" என்றேன் கம்பீரமாக.

ஞாயிறு காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்த அக்கா, இரண்டே முக்கால் மணிக்கு மயிலாப்பூர் கச்சேரி சாலையில் ஆட்டோ ஏறினார். நானும்தான், பைகளோடு. பாலவாக்கம் சுமார் பதினோரு கிலோமீட்டர், இருநூற்று எண்பது ரூபாய். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா திருவிழா சமயம் என்பதால் அடையாறு முழுக்கக் காவி உடுத்திய பாதயாத்திரைக் கூட்டம். அக்கா கூட்டத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். எதற்கு வேண்டினார் என்று நான் கேட்கவில்லை. எல்.பி. சாலையில் மெட்ரோ பள்ளத்தைச் சுற்றி ஆட்டோ ஊர்ந்த வேகத்துக்கு, நீந்திப் போயிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாம்.

ஆட்டோக்காரருக்கு விஷயம் தெரிந்ததும் தலையைத் திருப்பினார். "பலகை மேல நின்னுகினு வரதா? இந்தம்மாவா? நீ ஏறலியா நைனா?"

"நான் வானிலை" என்றேன்.

"இன்னாது?"

"வானிலை பாத்துச் சொல்றது என் வேலை."

அவர் ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி மேற்கே பார்த்தார். "அதான் கறுத்துகினு கீதே. சொல்ல வேண்டியதுதானே?"

மூன்று நாற்பதுக்கு இறங்கினோம். கடலைப் பார்த்ததும் என் பதவி ஆட்டம் கண்டது. கிழக்கிலிருந்து காற்று முகத்தில் அறைந்தது. எந்த அலை எந்த அலையின் பிள்ளை என்று தெரியவில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நடுவிலேயே சரிந்து, துணி துவைக்கிற மெஷினுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. பாலவாக்கத்தில் பாறை கிடையாது, தண்ணீருக்கு அடியில் இருக்கும் மணல் திட்டில் தட்டித்தான் அலை உடைகிறது. அந்தத் திட்டும் ஓரிடத்தில் நிற்காதாம், வாரத்துக்கு ஓரிடம் நகருமாம். கடலே வாடகை வீட்டில் குடியிருந்தால் நான் எந்த முகவரியை வைத்துக் கணிப்பது?

அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்கும் கார்த்தி அந்தப் பக்கத்துக் குப்பத்துப் பையன்தான், இருபத்தைந்து வயது இருக்கும். "காலைல வந்திருக்கலாமே டீச்சர்? கண்ணாடி மாரி இருந்துச்சு" என்றான். நான் பெருமிதத்தோடு என் வண்ணக் கட்டங்களை நீட்டினேன். அவன் ஒரு நொடிதான் பார்த்தான்.

"அங்கிள், இது ஜி.எம்.டி, லண்டன் கிரீன்விச் டைம். மேல குட்டியா போட்டுகீது பாருங்க. நம்ம டைமுக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டணும்."

"அப்போ மாலை ஆறு மணி?"

"ராத்திரி பதினொன்றரை."

அக்கா என்னைப் பார்த்தார். முப்பது வருடம் மாணவிகளை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்ட பார்வை. "மழைக்காக ஸ்போர்ட்ஸ் டேவை தள்ளி வெச்சிருக்கேன். மந்திரி வரலைன்னு தள்ளி வெச்சிருக்கேன். லண்டன்காரனுக்காக தள்ளி வெச்சது இதான்டா முதல் தடவை" என்றவர், பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் நடந்தார்.

அதன்பின் கடல் என் அக்காவை அடித்த அடிக்குக் கணக்கே இல்லை. ஒவ்வொரு முறை அலை தூக்கும்போதும் காற்று அதை அப்படியே அமுக்கிக் கவிழ்த்தது. அக்கா எழுவதற்குள் பலகை ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். கார்த்தி தள்ளிவிட்டும் பயனில்லை. நாலரை மணிக்கு மேற்கே வானம் கிழிந்த மாதிரி ஒரு மின்னல், பின்னாலேயே இடி. எல்லோரையும் கரைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மழை கொட்டியது.

வகுப்பின் தகரக் கொட்டகையில் ஒதுங்கினோம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆனால்தான் தண்ணீரில் இறங்க விடுவார்களாம். ஒவ்வொரு இடிக்கும் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அக்கா பலகையை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு கடலையே பார்த்தார். கண்புரைக் கண்ணுக்கு அது என்னவாகத் தெரிந்ததோ.

"ஆபரேஷனுக்கு அப்புறம் எல்லாம் பளிச்சுனு தெரியுமாம்டா" என்றார். "தெரிஞ்சு? கரையில உக்காந்து மத்தவங்க போறத பளிச்சுனு பாக்கணும்."

பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ வாங்கி நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

ஐந்தே காலுக்குப் பிறகு இடி கேட்கவில்லை. ஐந்தே முக்காலுக்கு கார்த்தி தலையாட்டினான். இருட்ட இன்னும் அரை மணி நேரம்தான். அப்போதுதான் கவனித்தேன்: காற்று திரும்பியிருந்தது. மழை மேகத்திலிருந்து இறங்கிய குளிர்ந்த காற்று, முதுகுப் பக்கம் இருந்து கடலைப் பார்த்து வீசியது. கன்னாபின்னாவென்று கிடந்த தண்ணீரை யாரோ சீப்பெடுத்து வாரிவிட்டாற்போல், அலைகள் வரிசையாக நிமிர்ந்து வந்தன.

"இது எந்த ஆப்ல போட்டிருந்தான்?" என்றேன்.

"எதுலயும் இல்ல அங்கிள்."

"அப்போ மழை பெஞ்சா அலை நல்லா வரும்னு எழுதிக்கலாமா?"

"எழுதாதீங்க. முந்தாநாளும் மழை பெஞ்சுது, ஒண்ணும் வரல" என்று சொல்லிவிட்டு அக்காவின் பின்னால் ஓடினான்.

ஒரு வானிலை அதிகாரிக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டுமா? நான் விடவில்லை. அலைக்கும் அலைக்கும் இடைவெளி ஒன்பது வினாடி என்று முதல் செயலி சொல்லியிருந்தது. அது சரிதானா என்று போனைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். திரையில் தூறல். சட்டையில் துடைத்தேன். மறுபடி தூறல். ஏழு, எட்டு...

"டீச்ச்ச்சர்ர்ர்!" என்று கடலுக்குள்ளிருந்து கார்த்தி அலறினான்.

நிமிர்ந்தேன். அக்கா கரையோரம், முழங்கால் தண்ணீரில், பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நரைத்த கூந்தல் முகத்தில் ஒட்டியிருந்தது. சிரித்தார். அந்தச் சிரிப்பை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. பற்கள் அத்தனையும் தெரிந்தன. கழுத்து விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து ஓடியது.

"பாத்தியாடா சேவி! உடையல! அப்படியே சரிஞ்சு வந்தேன்! பாத்தியா?"

"பாதி பாத்தேங்கா."

"எந்தப் பாதி?"

"நீ பலகைய விட்டு இறங்கினதுக்கு அப்புறம் உள்ள பாதி."

அவர் என்னை அடிக்கவில்லை. நேரமில்லை. மறுபடி கடலுக்குள் ஓடினார். இருட்டும்வரை இன்னொன்று வரவேயில்லை. பரவாயில்லை என்றார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வகுப்புக்கு ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு, பலகையும் சேர்த்து. ஆவணி, புரட்டாசியில் வெயில் தீயாக இருக்கும், பதினொரு மணிக்கு மேல் கடல் காற்று வந்து அலையைக் கெடுத்துவிடும் என்கிறார்கள். ஆகவே விடியற்காலையே உத்தமம். நான் சாயங்காலம் போய்ப் பார்த்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். இணையதளம் எந்த ஊர் நேரத்தில் பேசுகிறது என்று பாருங்கள். இடி கேட்டால் அலை எவ்வளவு அழகாக இருந்தாலும் கரையேறி வந்துவிடுங்கள். தனியாக இறங்க வேண்டாம், அடியில் நீரோட்டத்தின் இழுப்பு இருக்கிறது. மழை நாளில் திரும்பும் ஆட்டோவுக்கு நானூறு ரூபாய்க்குக் குறைந்து பேரம் படியாது. அலை வருமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அன்று ஏன் வந்தது, மறு அலை ஏன் வரவில்லை என்று இந்த வரியை எழுதும்போதும் எனக்கு விளங்கவில்லை.

அலையின் உயரம் என்ன? அதிலும் ஒரு தெளிவு இல்லை. கார்த்தி முழங்கால் அளவு என்றான். ஆட்டோவில் வரும்போது அக்கா இடுப்பளவு என்றார். வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு நர்ஸம்மாவிடம் சொன்னபோது தோளளவு. சனிக்கிழமை பங்குக் கோயிலிலிருந்து நாலு பெண்கள் ஆப்பிள், ஆரஞ்சோடு பார்க்க வந்தார்கள். அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி, அதற்கு மேல் இன்னும் ரெண்டு அடி என்றார்.

அவர்கள் சந்தேகத்தோடு என் பக்கம் திரும்பினார்கள். "ஏங்க, நீங்க கூடவே நின்னீங்களாமே. அவ்ளோ பெரிய அலையா?"

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா கொஞ்சம் கம்மியாதான் சொல்றாங்க" என்றேன்.