நான் சொல்லாமல் விட்ட வணக்கம்

டாக்டரம்மாவின் நினைவு மலரில் எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. நான் அவருடன் வேலை பார்த்தவள் இல்லை, உறவும் இல்லை. மனநல மருத்துவரான அவரைப் பார்க்க வந்து பெஞ்சில் காத்திருந்தவர்களில் ஒருத்தி. பெயர் போடாமலும் எழுதலாம் என்று நீங்கள் சொன்னதால்தான் எழுத உட்கார்ந்தேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தியை அலுவலகத்தில்தான் கேட்டேன். பேப்பரைப் பிரித்த சண்முகம் அண்ணன், "பைத்தியக்கார டாக்டரம்மா போயிருச்சாம்ப்பா. ஊருல பாதிப் பேரு கதை அதுக்குத் தெரியும். நல்லவேளை, வாயத் தொறக்காமப் போயிருச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு குனிந்து டைப்ரைட்டரில் தாளைச் செருகினேன்.

எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கல்லூரியில் இங்கிலீஷ். வகுப்பில் வாய் திறந்தால் சிரிப்பார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் சித்தப்பா, "தொரைசானி வந்துருச்சு, நாக்காலி எடுத்துப் போடுங்க" என்பார். கடைசியில் எந்தப் பேச்சும் வரவில்லை. தூக்கமும் போயிற்று. அம்மா அழகர்கோவிலுக்கு அழைத்துப் போய்க் கையில் கயிறு கட்டினாள். அதன் பிறகே டாக்டரம்மாவிடம் கூட்டி வந்தாள்.

பாடப்புத்தகத் தமிழில், நடுவே இங்கிலீஷ் சேர்த்து, மனப்பாடம் செய்தது போல என் கஷ்டத்தைச் சொன்னேன். டாக்டரம்மா கேட்டுவிட்டு, "கோவம் வந்தா எந்த பாஷையிலம்மா திட்டுவே?" என்றார்.

நான் திட்ட மாட்டேன் என்றேன்.

"மனசுக்குள்ள?"

தெலுங்கில் என்று ஒத்துக்கொண்டேன்.

"அப்ப அதுலயே ஆரம்பி. எனக்குப் புரியாட்டி என்ன? மொதல்ல நீ உனக்குச் சொல்லிக்க. பெறகு எனக்குத் தமிழ்ல சொல்லு."

அவருக்குத் தெலுங்கு தெரியாது. ஆனாலும் நான் பேசி அழுது முடிக்கும்வரை முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். ரவிக்கைக் கைக்குள் நான் மறைத்திருந்த கயிறு அப்போது வெளியே வந்துவிட்டது. அவிழ்க்கப் போனேன். "அம்மா கட்டுனதா? இருக்கட்டும். மாத்திரையையும் போடு" என்றார். வாசலில் நின்ற அம்மாவின் முகம் அன்றுதான் தெளிந்தது.

கிளம்பும்போது எல்லோரிடமும் சொல்வதை என்னிடமும் சொன்னார்: "வெளிய பாத்தா நான் மொதல்ல வணக்கம் சொல்ல மாட்டேன். நீ சொன்னா நானும் சொல்லுவேன். சொல்லாட்டி கோவமில்ல."

நான் தேறி, பட்டம் வாங்கி, வேலைக்கும் சேர்ந்த பிறகு, ஒருநாள் புதுமண்டபத்துக் கடை ஒன்றில் அத்தையோடு வளையல் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். எதிரே டாக்டரம்மா வந்தார். நான் வளையல்மேல் குனிந்துகொண்டேன். "யாரு, தெரிஞ்சவுகளா? உன்னயப் பாத்த மாதிரி இருந்துச்சே" என்றாள் அத்தை. இல்லை என்றேன். அவர் காதில் விழும்படியாகவே சொன்னேன். அவர் பக்கத்துக் கடையில் ரிப்பனுக்கு விலை கேட்டுவிட்டு, நிதானமாக நடந்து போனார்.

அவரைக் கொண்டுபோன அன்று அவர் வீட்டுக்கு எதிரே டீக்கடை ஓரம் நின்றேன். பெஞ்சில் பார்த்த முகங்கள் சில அங்கே இருந்தன. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல நின்றோம். யாரும் உள்ளே போகவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை. எங்கள் முன்னால்தான் அவரைத் தூக்கிப் போனார்கள். நான் கைப்பையை இறுகப் பிடித்திருந்தேன். அதைக் கீழே வைத்துக் கைகூப்ப எனக்குத் துணிவு வரவில்லை.

மனது இறுகும்போது இப்போதும் எனக்கு நானே தெலுங்கில் சொல்லிக்கொள்கிறேன். பிறகு தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். என்னிடம் மிஞ்சியிருக்கும் டாக்டரம்மா அதுதான்.

ஒன்று கேட்க வேண்டும். பெயர் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். இப்போது போடுங்கள். வீட்டில் நான் சொல்லிக்கொள்கிறேன். அவர் முதலில் சொல்ல மாட்டார், நான்தான் சொல்ல வேண்டும்.

வணக்கம், டாக்டரம்மா.

நாகலட்சுமி
சமயநல்லூர்