இடது கை பிரேக்

ஈரமான பிரேக் கட்டை ரிம்மில் உரசிக் கிறீச்சிடும் சத்தம் எங்கே கேட்டாலும் என் கை தானாக எழும், முகத்தை மறைத்துக்கொள்ள.

கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் வார நாட்களில் நான் சிப் டெஸ்ட் பண்ணும் இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்ளோகிராஸ் மெக்கானிக். சேற்றிலும் புல்லிலும் ஓட்டும் பந்தயம் அது. நடுவில் பலகைத் தடுப்பு வரும். குதித்திறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டி, மறுபடி ஏறவேண்டும். ஓட்டுபவள் பக்கத்து அபார்ட்மென்ட் நித்யா, இங்கேயே பிறந்தவள். எனக்கு முப்பத்து நான்கு வயதுதான், ஆனாலும் அவளுக்கு 'அங்கிள்'. சம்பளம் அவள் அம்மாவின் புளியோதரை.

அன்று மாநில சாம்பியன்ஷிப் பந்தயம். ஜெயித்தால் நித்யாவை டெக்சாஸ் டீம் ஒன்று எடுத்துக்கொள்ளும். தோற்றால் அப்பாவுக்குச் சொன்னபடி சைக்கிளை விட்டுவிட்டு வேலைக்குப் போகவேண்டும். வழக்கமாகக் கேபிள் மாற்றும் கடைக்காரர் ஊரில் இல்லாததால் முந்தின நாள் பிரேக் கேபிளை நானே மாற்றினேன். பார்க்கிங் லாட்டில் ஓட்டியும் பார்த்தேன். அமெரிக்கா வந்தபிறகு முதன்முறையாக ஒரு சைக்கிள் என் கையோடு பேசுகிறதே என்று உருகிப்போனேன்.

பேசாமல் என்ன செய்யும்? ஈரோட்டில் ஓட்டிய பழக்கத்தில் முன்பிரேக்கை வலது கைக்கும் பின்பிரேக்கை இடது கைக்கும் மாட்டியிருந்தேன். இங்கே நேர்மாறு.

வார்ம்-அப்பில் நித்யா இறக்கத்தில் வலது பிரேக்கைப் பிடித்தாள். சைக்கிள் நின்றது. அவள் நிற்கவில்லை.

சேற்றிலிருந்து முகம் எழுந்தது. "அங்கிள்! வாட் டிட் யூ டூ?"

"நம்ம ஊர் மாதிரி மாட்டிட்டேன் போலம்மா..."

"எந்த ஊரு? திஸ் இஸ் மை ஊரு!"

அவள் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "சாஃப்ட்வேர்காரன் கையில ஸ்பேனரைக் குடுக்காதேன்னு அப்பவே சொன்னேன்."

"ஹார்ட்வேர் சார்," என்றேன். அந்த நேரத்தில் அந்தத் திருத்தம் அவசியமா!

மாற்ற நேரமில்லை. ஸ்பேர் சைக்கிளுக்கும் நானேதான் கேபிள் மாட்டியிருந்தேன்; அதுவும் அதே லட்சணம். விசில் ஊதிவிட்டார்கள்.

முதல் சுற்றில் ஏறக்குறையக் கடைசி. அப்புறம்தான் அது நடந்தது. குதித்திறங்கும்போது வலது கை சைக்கிள் சட்டத்துக்குப் போய்விடும்; பிரேக்கில் இடது கை மட்டும். இதுவரை அது முன்பிரேக். அழுத்தினால் கவிழ்க்கும் என்று தூரத்திலேயே வேகத்தைக் குறைப்பாள். இப்போது அது பின்பிரேக். பலகை வரை பறந்து வந்து, கடைசி நொடியில் அழுத்தி இறங்கினாள். தடுப்புக்குத் தடுப்பு யாரையாவது தாண்டினாள். கடைசித் தடுப்பில் தாண்ட ஆளில்லை.

"பிரமாதமான ஐடியா சார்!" என்று அவள் அப்பா என் கையைக் குலுக்கினார். என் அறிவு எனக்குத் தெரியாமல்தான் நன்றாக வேலை செய்கிறது.

இளைய மெக்கானிக்குகளுக்கு ஒன்றுதான் சொல்வேன்: வண்டி உங்கள் கைக்கு இதமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஓட்டப்போவது நீங்களில்லை.

டெக்சாஸுக்குக் கிளம்பிய அன்று ஏர்போர்ட் வாசலில் நித்யா திரும்பி வந்தாள்.

"புது மெக்கானிக்கிட்ட பிரேக்கை இப்படியே வைக்கச் சொல்லிட்டேன் அங்கிள். கால் பண்ணிக் கேட்டான்னா, ப்ளீஸ், பிளான் பண்ணித்தான் செஞ்சேன்னு சொல்லிடுங்க."