பெயர் போடாத படம்

எங்கள் ஏரியைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஃபோனில் ஒரு குழு இருக்கிறது. கரையோர ஊர்க்காரர்கள், பழவேற்காட்டு வியாபாரிகள், சென்னையில் படிக்கிற பிள்ளைகள், பறவை பார்க்க வருகிறவர்கள் என்று கலந்துகட்டிய கூட்டம். ஏரி நடுவில் இருக்கிற எங்கள் தீவின் ஆண்கள் முக்கால்வாசிப் பேர் அதில் உண்டு. நானும் இருந்தேன், பெயர் இல்லாமல். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நண்டுப் படம். தண்ணீர் எங்கே கலங்கியிருக்கிறது, முகத்துவாரத்தில் மண் எவ்வளவு மூடிக் கிடக்கிறது என்றெல்லாம் எழுதுவேன். "நண்டு சார் சொன்னா கரெக்டா இருக்கும்" என்பார்கள். சாராம்! இறால் உரித்துக்கொண்டே தனியாகச் சிரிப்பேன்.

பெயர் போட்டால் என்ன ஆகும் என்று தெரியும். இங்கே ஒரு பொம்பளை ஏரி விஷயம் பேசினால், "உன் வூட்டுக்காரனுக்கு வாய் இல்லையா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எனக்கோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வராது. அதனால் நண்டு ரொம்ப வசதியாக இருந்தது.

போன பருவத்தில் ஒருநாள் காலை, சந்தைக்குப் போகும் படகைத் தவறவிட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன் தன் படகில் ஏற்றிக்கொண்டார். அன்றைக்கு அவருக்குப் பாடு. ஏரியில் நல்லா மீன் விழுகிற இடங்களைப் பிரித்து, இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு என்று ஊரே முறை வைத்திருக்கிறது. அந்த முறைக்கும் இடத்துக்கும் பாடு என்று பெயர். எல்லையில் மூங்கில் நட்டிருக்கும். முறைக்காரரைத் தவிர வேறு யாரும் உள்ளே படகு விடக்கூடாது. பாட்டுக்குப் போகிற படகில் பொம்பளை ஏறவே கூடாது.

"யார்னா பாத்தா என்னத் தொலைச்சிடுவாங்கமா. கீழ குந்திக்கோ, தலையத் தூக்காத" என்று சொல்லித்தான் கூட்டிப் போனார். வலையை விட்டுவிட்டு என்னைக் கரையில் இறக்குவதாக ஏற்பாடு.

நான் தலையைத் தூக்காமல் இருந்திருக்கலாம். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர் ஆட்களே நான்கைந்து பேர் கொசுவலை மாதிரி சின்னக் கண்ணி வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தடை போட்ட வலை. அதில் நகத்தளவு இறால் குஞ்சுகள் கொத்துக் கொத்தாய்த் துடித்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவிகளா, இது வளர்ந்தால்தானே நமக்குச் சோறு? ஃபோனை எடுத்துப் படம் பிடித்தேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வலையை விடத் திரும்பினார்.

வீட்டுக்கு வந்து, படத்தில் இருந்த முகங்களை மறைத்தேன், படகு நம்பரை அழித்தேன், குழுவில் போட்டேன். "பேர் சொல்லாம போடுற படத்த எப்படி நம்புறது?" என்று ஒருவர் கேட்டார். "பேர் சொல்லி அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க பொறுப்பா?" என்று இன்னொருவர் அவரோடு சண்டைக்குப் போனார். இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. நான் பதில் எழுதாமல் குழம்பு வைக்கப் போய்விட்டேன்.

படம் கைமாறி மீன்துறைக்குப் போய், அதிகாரிகள் வந்து அந்த வலைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். காட்டிக்கொடுத்தது யார் என்று ஊரே அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது. படத்தின் ஓரத்தில் சிவப்புத் துணி கட்டிய மூங்கில் ஒன்று நின்றது. எத்தனையோ பார்த்துப் பார்த்து மறைத்த எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. தினமும் பார்க்கிற மூங்கில்தானே. அது நிற்கிற பக்கத்தை வைத்துப் படம் எந்தப் பாட்டுக்குள்ளிருந்து எடுத்தது என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள். அன்று அது அண்ணனின் பாடு என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இன்னாமே சொல்ற?" அவர் முகம் செத்துவிட்டது. "வாயத் தொறந்த, நம்ம பாடு போச்சு. கம்முனு கெட."

பாடு போனால் ஏரியில் எங்களுக்கு இடமில்லை. மீஞ்சூர்ப் பக்கம் ஏதாவது கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். எழுதும்போது என்னை மட்டும்தான் ஒளித்துக்கொள்கிறேன் என்று நினைத்திருந்தேன். நான் ஒளிந்த இடத்தில் இன்னொரு ஆளை நிறுத்துவார்கள் என்று தோன்றவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் சுவரோரம் நின்றோம். அங்கே நாங்கள் பேசுகிற வழக்கமில்லை. ஊர்த் தலைவர் அண்ணனை எழுப்பி நிறுத்தினார்.

"படம் போட்டது நீதானே?"

"நான் போடல."

"உன் படகுல வேற யாரு இருந்தது?"

"யாரும் இல்ல."

நான் நின்ற பக்கம் அண்ணன் கண் திரும்பவே இல்லை. "அப்ப நீதான். இனிமே உனக்குப் பாடு கெடையாது" என்றார் தலைவர். என் பக்கத்தில் நின்ற அண்ணனின் மனைவி, ஒன்றும் தெரியாமல், என் தோளிலேயே சாய்ந்து அழுதாள்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. முந்தானைக்குள் ஃபோனை எடுத்தேன். "இந்தப் படம் எடுத்தது நான்" என்று எழுதி, கீழே என் பெயரையும் ஊரையும் போட்டேன். ஆண்கள் வரிசையிலிருந்து என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். வேண்டாம் என்று தலையசைத்தார். அனுப்பிவிட்டேன்.

கூட்டத்தில் ஒரு ஃபோன் கூவியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எல்லாம். தலைவரும் எடுத்துப் பார்த்தார். அண்ணன் அப்போதுதான் என்னைப் பார்த்தார், ஏம்மா இப்படிப் பண்ணே என்பது போல.

கேட்கட்டும், சொல்கிறேன் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். தலைவர் அண்ணனை உட்காரச் சொன்னார். ஃபோனை மடியில் வைத்தார். பெண்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கூப்பிட்டது என் வீட்டுக்காரர் பெயரை.

அவர் எழுந்து, லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, கையைக் கட்டியபடி நடுவில் போய் நின்றார்.