பந்துக்காப்பாளருக்குக் குரல் கொடுத்தவன்

ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி இறக்கிய கையால் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பார்க் எக்ஸில் ஒரு பலசரக்குக் கடை. அது நிலைத்த பிறகு அதே தெருவில் இன்னொன்று. புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியம். டோர்வலில் ஒரு சமையற்கூடம். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர்களில் என் ரோல்ஸ் சாப்பிடாத தமிழன் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்ப்போம். மூன்று பிள்ளைகள், மூவருக்கும் பட்டம், மூவருக்கும் வீடு. நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். பிரெஞ்சு கதைப்பேன், எழுதத் தெரியாது. முதல் கடைக்குக் கடன் கேட்டுப் போனபோது வங்கியில் இருந்தவன் என் சப்பாத்தைப் பார்த்துவிட்டு மெர்சி, அதுதான் நன்றி, சொல்லி அனுப்பினான். அந்த வங்கிக் கிளை இருந்த இடத்தில் இப்போது பல் வைத்தியர் இருக்கிறார். என் கடை அப்படியே இருக்கிறது.

இன்னொன்றும் கட்டினேன். சரியாகச் சொன்னால், விழ இருந்ததை முட்டுக் கொடுத்து நிமிர்த்தினேன். அது ஒரு உதைபந்தாட்டக் கழகம். நம்முடைய ஆட்களின் கழகம் அல்ல, இத்தாலியர்களுடையது. மற்ற எல்லாவற்றிலும் என் பெயர் பலகையில் இருக்கிறது, இதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். இவ்வளவும் கட்டியவன், பனி கரைகிற மாதத்தில் அந்த மைதானத்தைக் கடக்கும்போது என் வான் வண்டியின் ரேடியோவை நிறுத்திவிட்டு யன்னலைத் திறக்கிறேன். யாராவது கூப்பிட்டால் எனக்குக் கேட்க வேண்டும்.

இதில் யாருடைய பெயரையும் நான் எழுதப் போவதில்லை. அந்தக் கழகத்தில் பெயர் என்பது வாயால் கூப்பிடப்பட வேண்டியது.

கழகத்தை நடத்தியவர்தான் எனக்கு இந்த ஊரில் முதல் வேலை தந்தவர். சந்தையில் அவருக்கு மரக்கறிக் கடை இருந்தது. நான் அவரை முதலாளி என்று கூப்பிட்டேன். அதற்கு என்ன பொருள் என்று கேட்டு வைத்துக்கொண்டு, நான் சொந்தக் கடை திறந்த நாளிலிருந்து அவரும் என்னை முதலாளி என்றே கூப்பிட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது. மிச்சமெல்லாம் அவருடைய உடைந்த பிரெஞ்சிலும் என்னுடைய நொறுங்கிய பிரெஞ்சிலும்தான்.

ஒரு இலையுதிர் காலத்தில் என் கடைக்கு வந்து அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

“முதலாளி, இந்த வருசத்தோட கழகம் முடிஞ்சுது.”

“ஏன், ஆர் செத்தது?”

“எல்லாரும்தான்” என்றார்.

கழகத்தைத் தொடங்கியவர்கள் ஒரே ஊரிலிருந்து கப்பலேறி வந்த கட்டடத் தொழிலாளர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் புறநகரங்களுக்குப் போய்விட்டார்கள். சந்தா கட்ட ஆளில்லை. மைதான வாடகை, நடுவர் கூலி, கூரை ஒழுகும் கழக அறைக்குக் குளிர்காலத்தில் சூடேற்றும் செலவு எல்லாம் முதலாளியின் மரக்கறிக் கடையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தன. இதற்கு நடுவிலும் ஒவ்வொரு வருடமும் எங்கிருந்தாவது கோல் அடிக்கிற வளர்ந்த ஆள் ஒருவனைக் கையில் காசு வைத்துப் பிடித்து வருவார்கள். அவன் கோடை முழுவதும் கோல் அடிப்பான். இலை விழத் தொடங்கியதும் கூடக் கொடுக்கிற கழகத்துக்குப் போய்விடுவான்.

“பழுத்த தக்காளியைக் குளிர்காலத்துக்கெண்டு மொத்தமா வாங்கி வைப்பியளோ?” என்று கேட்டேன்.

“எனக்கென்ன விசரோ? ரெண்டு நாளில அழுகிப் போகும்.”

“அப்ப ஏன் பழுத்த ஆட்டக்காரனை வாங்குறியள்? காயா வாங்குங்கோ.”

அவர் எழுந்து வந்து என் கன்னத்தில் தட்டினார். இத்தாலியர்களுக்கு அது ஒரு பழக்கம். என் மனைவிக்கு அது பிடிப்பதில்லை.

அடுத்த வசந்தத்தில் பெரியவர்களின் அணியை நிறுத்தச் சொன்னேன். சண்டை வந்தது, ஆனால் நிறுத்தினார்கள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சேர்த்தோம். தமிழ்ப் பிள்ளைகள், ஹெயிட்டிப் பிள்ளைகள், அல்ஜீரியப் பிள்ளைகள். கொஞ்சம் வளர்ந்த அணிக்கு மூன்று சகோதரர்கள் தேவைப்பட்டார்கள். அவர்கள் எங்கள் ஊர்க் கழகம் ஒன்றில் பதிவு செய்தவர்கள். அதன் தலைவரிடம் போனேன்.

“அண்ணை, எங்கடை பொடியளை இத்தாலிக்காரனுக்கு விக்கப் போறியளோ?”

“விக்கேல்லைத் தம்பி, மாத்திறன். உங்களிட்டைக் கொடி இருக்கு, கோப்பை இருக்கு, தலைவர், உபதலைவர், போசகர் எல்லாரும் இருக்கினம். விளையாட நிலம் இருக்கோ?”

“நிலம் இல்லை.”

“பொடியளைத் தாரும். ஞாயிற்றுக்கிழமையில மைதானத்தைத் தாறன்.”

“உங்கடை நாக்குக்கு அரசாங்கம் தனியா வரி போடவேணும் அண்ணை” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ச் சங்கங்களின் சுற்றுப்போட்டிகள் நடந்தன. கொத்துரொட்டியும் ரோல்ஸும் என்னுடையவை. அந்த வருமானத்தில்தான் கழக அறைக்குக் கூரை போட்டோம். பிறகு ஒரு பெரிய கழகம் எங்கள் கையில் வளர்ந்த பிள்ளையைக் கேட்டு வந்தது. வளர்த்த செலவு எங்கே என்று நான் மேசையில் தட்டியிருக்காவிட்டால் முதலாளி வெட்கத்தில் சும்மாவே கொடுத்திருப்பார். அந்தக் காசு பயிற்சியாளரின் சம்பளமானது. இதெல்லாம் யாருடைய மூளை? படித்தவர் யாருடையதும் அல்ல.

இனி அந்த வட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முன் மைதானத்தின் நடுவட்டத்தில் கழகத்தார் கூடி நிற்பார்கள். தொடங்கியவர்களும் அவர்களுடைய வாரிசுகளும் மட்டுந்தான் அதற்குள் நிற்கலாம். முதலாளி அந்தத் தொடங்கியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார், மனப்பாடமாக. உயிரோடு இருப்பவர் ‘பிரெசென்தே’ என்பார். இருக்கிறேன் என்று பொருள். செத்தவருக்கு அவருடைய மகனோ பேரனோ அதைச் சொல்ல வேண்டும். ஆனால் ஒருவர் ஒரே ஒரு செத்தவருக்குத்தான் குரல் கொடுக்கலாம். இரண்டு பேருக்குக் கொடுத்தால் இருவருமே வரமாட்டார்கள். அது முதலாளியின் சட்டம். அதில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

முதல் வருடம் நான் வட்டத்துக்கு வெளியே பந்துப் பையோடு நின்றேன். இரண்டாம் வருடம் முதலாளி என்னை ஒரு பக்கம் கூட்டிப் போனார். அவர்களுடைய முதல் பந்துக்காப்பாளர் ஒருவர் இருந்தாராம். கொங்கிறீட் வேலைக்காரர். கல்யாணம் கட்டாமல், நிலத்துக்குக் கீழே ஒரு அறையில் தனியே இருந்து செத்துப்போனாராம்.

“அவருக்கு ஆக்கள் இல்லை. நீங்கள் குரல் குடுங்கோ, முதலாளி.”

அந்தப் பெயர் கடைசியாக வந்தது. நான் வட்டத்துக்குள் நின்று சொன்னேன்: “பிரெசென்தே.” அப்போது எனக்குப் பின்னால், ஆளில்லாத கோல் கம்பங்களுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கையுறை போட்ட இரண்டு கைகளை ஒருவன் சேர்த்துத் தட்டுவது போல. திரும்பிப் பார்த்தேன். வலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வலை அப்படிச் சத்தம் போடாது.

வீட்டில் சொன்னபோது மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“ஆற்றையோ செத்த மனுசனுக்கு நீங்கள் ஏன் இருக்கிறன் எண்டு சொன்னனீங்கள்?”

“ஒரு மரியாதைக்குத்தான்.”

“மரியாதையோ? ஆக்களில்லாத சீவன். ஆரும் ஓம் எண்டால் பின்னாலயே வந்திடும்.” கொஞ்சம் யோசித்தாள். “அவர் மச்சம் சாப்பிடுறவரோ?”

“இத்தாலிக்காரன், சாப்பிடாமல் இருப்பானே?”

“அமாவாசையில மச்சம் படைக்கேலாது. மரக்கறிதான். விருப்பமெண்டால் சாப்பிடட்டும்.”

அந்த ஆடி அமாவாசையிலிருந்து என் தகப்பனுக்குப் படைக்கிற இலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இலையும் விழுந்தது. தகப்பன் உயிரோடு இருந்திருந்தால் பந்தியை விட்டு எழும்பியிருப்பார்.

வருடங்கள் போயின. ஒவ்வொரு வசந்தத்திலும் நான் குரல் கொடுத்தேன், அந்தச் சத்தமும் வந்தது. பனி கரைந்ததும் அந்தக் கோல் வாயில் இரண்டு குழிகளில் தண்ணீர் நிற்கும். ஒருவன் கால்களை அகட்டி நிற்கிற அளவு இடைவெளி. நான் என் சொந்தச் செலவில் கல் கொட்டி நிரவினேன். அடுத்த வசந்தத்தில் அதே இடத்தில் அதே இரண்டு குழிகள். கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனால், யாரோ எனக்காக ஒதுங்கி வழி விடுவது போல இருக்கும். பயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே நான் முதுகைக் காட்டி நின்றதில்லை.

பிறகு முதலாளி செத்துப்போனார்.

அவருடைய ஒரே மகள் தலைவியானாள். சந்தைக் கடையில் என் காலடியில் இருந்து செர்ரிப்பழம் தின்று வளர்ந்தவள். வேறு நகரத்தில் படித்து, அங்கேயே வெகுகாலம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்து, புவாண்ட்-கிளேரில் கணக்காளராக இருந்தாள். என்னை ட்ஸியோ என்று கூப்பிடுவாள். நம்முடைய மாமா என்பது போல. வந்தவுடன் கழகத்தை மேற்குப் பக்கத்துப் பெரிய கழகம் ஒன்றோடு இணைக்கப் போவதாகச் சொன்னாள். அவர்கள் செயற்கைப் புல் போட்டுத் தருவார்கள், கழகத்தின் செலவுகளையும் ஏற்பார்கள். கூட்டத்தில் நான் எழுந்தேன்.

“பிள்ளை, உன்ரை அப்பா இருந்திருந்தால் இந்தக் கதிரையைத் தூக்கி எறிஞ்சிருப்பார்.”

“அப்பா இல்லை, ட்ஸியோ. பில் எல்லாம் இப்ப எனக்குத்தான் வருது.”

நான் கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் முதல் ஆட்டம் வந்தது. முதலாளி இல்லாத முதல் வட்டம். மகள் கழகத்தின் பழைய பதிவிலிருந்து எடுத்த பெயர்களை ஃபோனில் பார்த்து வாசித்துக் கூப்பிட்டாள். ஒவ்வொருவருக்கும் யாரோ பதில் சொன்னார்கள். முடிவில் தன் தகப்பனின் பெயரைக் கூப்பிட்டாள். கூப்பிடுகிறவளே பதில் சொல்ல முடியாது, அதுவும் சட்டம். மற்றவர்கள் எல்லோரும் தங்கள் குரலைத் தங்கள் ஆட்களுக்குக் கொடுத்து முடித்துவிட்டார்கள். மிஞ்சி நின்றவன் நான் ஒருவன். அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

அவள்மேல் கோபம் இருந்தது உண்மை. ஆனால் நான் பேசாமல் நின்றதற்குக் காரணம் அது அல்ல. என் குரல் பந்துக்காப்பாளருக்குக் கொடுக்கப்பட்டது. அவருடைய பெயர் எப்போதும் கடைசியில்தான் வரும். முதலாளிக்கு நான் பதில் சொன்னால் இருவருமே வரமாட்டார்கள் என்பது முதலாளியே சொன்ன சட்டம். அதனால் அடுத்த பெயருக்காகக் காத்திருந்தேன். அவள் ஃபோனைப் பைக்குள் வைத்தாள். நடுவர் விசில் அடித்தார். பந்துக்காப்பாளரின் பெயர் கூப்பிடப்படவே இல்லை.

அந்தச் சொல் என் வாய்க்குள் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் சத்தமும் வரவில்லை. இத்தனை வருடத்தில் அந்தச் சத்தம் இல்லாததுதான் என்னை நடுங்க வைத்தது.

ஆட்டம் முடிந்ததும் அவளிடம் போய் விளக்கினேன். அமைதியாகக் கேட்டாள்.

“முதல் அணியின்ரை பந்துக்காப்பாளர் என்ரை அம்மாவின்ரை அண்ணர், மிஸ்யூ. அவருக்கு நாலு பிள்ளையள். இண்டைக்கும் மூத்தவர்தான் வட்டத்தில நிண்டு அவருக்குக் குரல் குடுத்தவர்.”

ட்ஸியோ போய், அந்நியரைக் கூப்பிடுகிற மிஸ்யூ வந்திருந்தது.

“அப்ப நான் இவ்வளவு வருசமும் ஆருக்குப் பதில் சொன்னனான்?”

“எனக்குத் தெரியாது. தொடங்கின ஆக்களையும் அவையின்ரை பிள்ளையளையும் தவிர ஒருத்தரும் வட்டத்துக்குள்ள நிக்கேலாது எண்டு மற்றவை அப்பாவோட சண்டை பிடிச்சிருப்பினம். உங்களை உள்ளுக்கு எடுக்க அப்பா கற்பனையில ஒரு ஆளைச் செய்திருப்பார்.” கண்ணைத் துடைத்தாள். “இல்லாத ஒரு ஆளுக்காக என்ரை அப்பாவைக் கைவிட்டிட்டீங்கள்.”

மற்றவர்களை விசாரித்தேன். அந்தப் பெயரை ஒவ்வொரு வருடமும் கேட்ட ஞாபகம் எல்லோருக்கும் இருந்தது. ஆளைக் கண்டவர் ஒருவரும் இல்லை. தொடங்கியவர்களில் ஒரே ஒருவர் மட்டும் முதியோர் இல்லத்தில் உயிரோடு இருந்தார். மகனையே அடையாளம் தெரியாத நிலை. ரோல்ஸ் கொண்டுபோய் முன்னால் வைத்துவிட்டு, பந்துக்காப்பாளரின் பெயரை மெதுவாகச் சொன்னேன். கிழவர் முதுகை நிமிர்த்தினார்.

“பிரெசென்தே.”

 சோதித்துப் பார்க்க முதலாளியின் பெயரைச் சொன்னேன். “பிரெசென்தே.” பிறகு, ஏன் என்று தெரியாது, என் பெயரைச் சொன்னேன். கிழவர் ரோல்ஸை எடுத்துச் சப்பத் தொடங்கினார். இன்னொரு தரம் சொன்னேன். சப்பிக்கொண்டே இருந்தார்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“இல்லாத ஆளுக்கோ நான் இவ்வளவு நாளும் சமைச்சனான்?” என்றாள். ஆனால் அந்த அமாவாசையிலும் சின்ன இலை விழுந்தது. ஏன் என்று கேட்டேன்.

“ஆள் இல்லையெண்டால் நீங்கள் ஏன் நித்திரையில கையைத் தட்டுறியள்?”

எனக்கு அதுவரை அது தெரியாது.

இணைப்பு நடந்து முடிந்துவிட்டது. மைதானத்தில் செயற்கைப் புல் விரித்துவிட்டார்கள். குழி விழ இனி அங்கே மண் இல்லை. கழக அறைச் சுவரில் கழகத்தை மீட்டவர்கள் என்று பெரிதாக எழுதி, மகளின் பெயர், பயிற்சியாளரின் பெயர், பெரிய கழகத் தலைவரின் பெயர் போட்டிருக்கிறார்கள். அடியில், சின்ன எழுத்தில், சாப்பாடு உதவி என்று என் சமையற்கூடத்தின் பெயர்.

அந்தப் புல் விரிப்பதற்கு ஒரு கழகம் மிஞ்சியிருந்தது என்றால், நான் காயாக வாங்கச் சொன்னதால் மிஞ்சியது. கூரை நான் போட்டது, மேசையில் தட்டியது நான். அதைச் சுவரில் எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது வட்டத்தில்.

பனி கரைந்ததும் அவள் மறுபடி நடுவில் நின்று கூப்பிடுவாள். அதற்கு முன் இதை அவளுக்கு யாராவது பிரெஞ்சில் வாசித்துச் சொல்லுங்கள். அன்று நான் பேசாமல் நின்றது வன்மத்தினால் அல்ல. அவளுடைய தகப்பனுக்கு அவளே பதில் சொல்லட்டும். பெயர்களை வேறொருவர் கூப்பிடட்டும். அந்தப் பந்துக்காப்பாளர் உண்மையில் இருந்தவர் என்றால் அவருடைய பெயரைத் திரும்பச் சேருங்கள், என் குரல் அவருக்குத்தான். இல்லை, அது முதலாளி எனக்காக உண்டாக்கிய பெயர் என்றால், அவர் என்னை அங்கே நிறுத்த விரும்பினார், நிறுத்தும் துணிவு மட்டும் அவருக்கு இருக்கவில்லை. நீங்களாவது துணிந்து செய்யுங்கள். கழகத்தை நிமிர்த்தியவன் என்று, நடுவட்டத்தில், எல்லோருக்கும் கேட்க என் சொந்தப் பெயரைக் கூப்பிடுங்கள். நான் உயிரோடு இருக்கும்போதே கூப்பிடுங்கள். பதிலை நானே சொல்லிக்கொள்கிறேன்.