பக்கத்து வீட்டு கேட்டின் பெயிண்ட்

வேலை மாற்றலாகி வேங்கிக்காலில் வாடகை வீட்டுக்கு வந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. என் கருநீலக் காரை வாசலில்தான் நிறுத்துவேன். திடீரென்று காய்ச்சல் வந்து மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே படுத்துக் கிடந்தேன். நாலாம் நாள் ஆபீஸ் போக வெளியே வந்தால், கார் முழுக்கக் கோலமாவைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். பக்கத்து வீட்டு கேட் புது வெள்ளையில் பளபளவென்று நின்றது. மெஷின் வைத்து பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்; காற்று இந்தப் பக்கம் வீசியிருக்கிறது.

சாயங்காலம் ஷாம்பு போட்டுக் கழுவினேன். ஒரு புள்ளி அசையவில்லை. செங்கம் ரோட்டில் கார் சாமான் விற்கும் கடைக்குப் போய்த் தின்னர் போட்டுத் துடைக்கலாமா என்று கேட்டேன்.

"ஐயோ, வேணாம் மேடம், வண்டி பெயிண்டும் சேந்து வந்துடும்," என்ற கடைக்காரர் களிமண் போன்ற ஒரு கட்டியைக் கொடுத்தார். "ஷாம்புத் தண்ணி ஜாஸ்தியா தெளிச்சுட்டு இத லேசா தேய்ங்க. கீழ வுழுந்துச்சுன்னா தூக்கிப் போட்டுடுங்க. மண்ணு ஒட்டிக்கினு கீறல் போட்டுடும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். முதலில் கரகரவென்று இழுத்தது. பத்துப் பதினைந்து தடவை போய்வந்ததும் சத்தம் அடங்கி வழுக்கியது. கட்டியைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. மடித்துப் பிசைந்து அடுத்த இடத்துக்குப் போனேன். பானெட் முடியவே ஒரு மணி நேரம் ஆனது. தோள் வலித்தது. காய்ச்சல் விட்ட உடம்பு.

பக்கத்து வீட்டு அம்மா பால் பாக்கெட்டோடு வந்து நின்றார்.

"எங்க பெயிண்ட்டாங்க? அடடா! கதவு சாத்தியே இருந்துச்சு, ஊருக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சிக்கினோம். இல்லன்னா வண்டிய எடுக்கச் சொல்லியிருப்போம்."

"உள்ளதாங்க இருந்தேன். காய்ச்சல்."

"மூணு நாளுமா? ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?"

என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவர் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயரை அவரும் கேட்டதில்லை. "பரவால்லங்க," என்றேன். "உடம்பப் பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நல்ல மனுஷிதான். கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு ரொம்ப நேரம் காரின் ஒரே கதவையே தேய்த்துக்கொண்டிருந்தேன், அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தும்.

வெயில் ஏறுவதற்குள் கூரை தவிர எல்லாம் முடிந்தது. கூரையை மறுநாள் ஆபீஸ் விட்டு வந்து முடித்தேன். ஈரத்தைத் துடைத்துவிட்டு உள்ளங்கையை வைத்து இழுத்தேன். கண்ணாடி போல வழுக்கியது. யாரிடமாவது தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும் போல இருந்தது. போட்டோ எடுத்து வேலூரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினேன்.

"புது வண்டியாக்கா?" என்று கேட்டு அனுப்பியிருந்தாள்.

பதில் எழுத ஆரம்பித்து, நீளமாகப் போகவே அழித்துவிட்டு, "இல்ல, பழசுதான்" என்று மட்டும் அனுப்பினேன்.